அப்ஜெக்‌ஷன் அண்ணனும் பழைய பேட்டர்ன் ஊசியும்

திருப்பூரில் எங்கள் அப்ஜெக்‌ஷன் அண்ணன் ஒத்துக்கொண்ட விஷயம் என்று ஒன்றுமே கிடையாது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூட, "இல்லீங்க, மார்கழியில தெக்கால தள்ளித்தானுங்க உதிக்குது. மொட்டை மாடில ஏறிப் பாருங்க" என்பார். ஏறிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளக் கவரில் அதை எழுதியிருப்பார்கள். "இனிஷியல் தப்புங்க" என்று சனிக்கிழமைதோறும் ஒரு மறுப்பைச் சொல்லிவிட்டுத்தான் கவரை வாங்குவார். நாங்கள் வைத்த பட்டப்பெயருக்கு மட்டும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் அது ஒன்றைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அவருக்கு நேர் எதிர் மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன். யாராவது ஏதாவது சொன்னால் முதலில் அயர்ன் பெட்டியின் நீராவிப் பொத்தானை அழுத்துவார். 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தப் புகைக்குள்ளிருந்து, சினிமா வக்கீல் மாதிரி ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு, "அப்ஜெக்‌ஷனுங்க!" என்று அவர் முகம் வெளியே வரும்.

கவனியுங்கள், அப்ஜெக்‌ஷன் இல்லை, அப்ஜெக்‌ஷனுங்க. மற்ற ஊர்க்காரன் வசவோடு சண்டை போடுவான். இவர் மரியாதையோடு போடுவார். "நீங்க சொல்றது சுத்தமாத் தப்புங்க. கோவிச்சுக்காதீங்க." அத்தனை வருஷம் அவர் அடி வாங்காமல் இருந்ததற்கு அந்த 'ங்க' ஒன்றுதான் காரணம்.

ஒருமுறை தனியார் பஸ்ஸில் ஏறினோம். "எங்கயும் நிக்காது, சீக்கிரம் ஏறு!" என்று கத்தித்தான் கண்டக்டர் எங்களை ஏற்றினார். பஸ் நாலு இடத்தில் நின்றது. அண்ணன் எழுந்தார். எங்கும் நிற்காது என்று சொன்னது பொய்யா, நின்றது தப்பா, இரண்டில் ஒன்றைக் கண்டக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். வீரபாண்டி வந்தது, போனது. விவாதம் முடியவில்லை. பல்லடத்தில் போய் இறங்கினோம். "நீங்க வேணும்னே எறங்காம வந்தீங்க, மேல டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர். அதற்குத் தனியாக ஒரு அப்ஜெக்‌ஷன். கடைசியில் கண்டக்டரே கையெடுத்துக் கும்பிட்டு, எங்களைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தக் கண்டக்டர் காதில் என்னவோ சொன்னார். அந்த பஸ் எங்கேயுமே நிற்கவில்லை, வீரபாண்டியைத் தவிர.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரனை நாங்கள் பையர் என்போம். பையர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, "பிரஸ்ஸிங் ரொம்ப நல்லா இருக்கு" என்று பாராட்டினால் மற்ற மாஸ்டர்கள் பல்லைக் காட்டுவார்கள். அண்ணன் புஸ்ஸ்ஸ். "இல்லீங்க, எடது தோள்ல மடிப்பு நிக்குதுங்க. பாருங்க." அந்த ஆள் பார்த்தார். லாரியில் ஏற்றிய பெட்டிகளெல்லாம் இறங்கி மறுபடி அயர்ன் மேஜைக்கு வந்தன. முதலாளி அன்றைக்கு அவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். "நோட்டீஸ் குடுக்காம தூக்கக் கூடாதுங்க" என்று மறுநாள் காலையில் வந்து நின்று அயர்ன் போட ஆரம்பித்தார். அதோடு அது முடிந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆனதே ஒரு அப்ஜெக்‌ஷனால்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா மறைக்காமல் சொல்லியிருக்கிறார், "புள்ளைக்கு எளைப்பு இருக்குதுங்க. மழைக்காலம் வந்தா மூச்சு வாங்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க." இவர் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் எழவில்லை. "மழைக்காலத்துல மூச்சு வாங்குதுன்னா மழைதானுங்க தப்பு. புள்ள மேல என்னுங்க தப்பு?" அந்தப் பெண்தான் ருக்குமணி அக்கா. எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் என் பக்கத்து மேஜை. லைன் வீட்டில் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைக்கல் சுவர்.

அக்கா அவர் சொன்ன எதையும் ஒத்துக்கொண்டதே இல்லை. அவர் உப்பு என்றால் அக்கா உப்பில்லை என்பார். அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலையாக இருக்கும்.

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷம் அப்படி ஒரு கவலை வந்தது. தும்மினால் ஷிப்ட் இல்லை என்று எல்லாக் கம்பெனிகளும் ஆளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். மழை பிடித்ததும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அது பன்றிக்காய்ச்சலா, வேறு காய்ச்சலா என்று கடைசிவரை எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் பார்க்கப் போனபோது அண்ணன் வராந்தாவில் நின்றிருந்தார். நர்ஸ் வந்து, "வெளியே நில்லுங்க" என்றார். "சரிங்க." "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே வாங்கணும்." "சரிங்க." "நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்." "சரிங்க."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பயந்துபோய்விட்டேன். அக்கா பிழைத்து வந்து, "ஆஸ்பத்திரிச் சோறு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லி, அவர் "எங்கீங்க நல்லா இருந்துச்சு?" என்று எகிறிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அடுத்த வருஷம் அந்தக் காய்ச்சலுக்குப் புது ஊசி வந்தது. ஊசி வந்த வேகத்திலேயே விவாதமும் வந்தது. கிருமி உருமாறிவிட்டது, இந்த ஊசி பழைய கிருமிக்குத்தான் கேட்கும் என்று ஒரு பேப்பர். அதெல்லாம் இல்லை, இதற்கும் கேட்கும் என்று இன்னொரு பேப்பர். பேக்கரியில் டீ குடிக்கிற அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். எங்கள் முதலாளி நல்ல மனுஷர். கம்பெனிச் செலவில் எல்லோருக்கும் ஊசி போட ஏற்பாடு செய்தார். ஆயுதபூஜை லீவு முடிந்து கம்பெனி திறக்கிற அன்று காலை ஊசி. ருக்குமணி அக்காதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். போன வருஷத்து மூச்சு அவருக்கு மறக்கவில்லை.

முதலாளிக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். ஆயுதபூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, கட்டிங் டேபிளையே மேடையாக்கிக் கம்பெனி ஆட்களை வைத்து வருஷா வருஷம் ஒரு பட்டிமன்றம் நடத்துவார். அந்த வருஷத் தலைப்பு: 'புது ஊசி நம்மைக் காக்குமா, காக்காதா?' நடுவர், எங்கள் மேனேஜர்.

'காக்கும்' அணிக்கு ஆள் தள்ளுமுள்ளு. முதலாளி போடுகிற ஊசி ஆயிற்றே! 'காக்காது' அணியில் ஒருவரும் இல்லை. அண்ணன் பதறிவிட்டார். "ஒரு பக்கம் ஆளே இல்லாம அது என்னுங்க பட்டிமன்றம்? பஜனைங்க அது!" என்று தானே போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அவர் கொள்கையே அதுதான். எந்த நாற்காலி காலியாக இருக்கிறதோ அது அவருடையது.

அத்தனை தள்ளுமுள்ளில் கடைசியில் 'காக்கும்' அணிக்கு மேடை ஏறியது தூத்துக்குடிக்காரி ஸ்டெல்லாவும் நானும். ஸ்டெல்லா பேக்கிங்கில் வேலை செய்கிற பெண். என்னை யார் சேர்த்தது என்று இன்றுவரை தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் பார்த்தால் டீ கிளாஸ் கை நழுவும். "ஏ அண்ணாச்சி, எந்திச்சி நின்னு ரெண்டு வார்த்த பேசுங்க, யாரும் முழுங்கிர மாட்டாவ" என்று ஸ்டெல்லா தள்ளிவிட்டாள். எழுந்தேன். "வணக்கம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். நடுவர் அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு, "பணிவான தொடக்கம்" என்றார். ஸ்டெல்லா, ஊசி நல்லது, டாக்டர் சொன்னால் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒப்பித்தாள்.

அண்ணன் ஒரு பனியனைக் கையில் தூக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"இது போன சீசன் பேட்டர்ன்ல வெட்டுனதுங்க. இந்த சீசன்ல பையர் கழுத்த மாத்திட்டான். இப்பப் போயி பழைய பேட்டர்ன்ல வெட்டி அனுப்புனா என்னுங்க ஆகும்?"

"ரிஜெக்ட்!" என்றது கூட்டம்.

"கிருமி கழுத்த மாத்திப்போட்டான்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க. ஊசி எந்தப் பேட்டர்ன்? பழைய பேட்டர்ன். அப்ப என்னுங்க ஆகும்?"

"ரிஜெக்ட்!"

தமிழே தெரியாத பீகார்ப் பையன்கள்கூட அந்த ஒரு வார்த்தை தெரிந்ததால் மேஜையைத் தட்டிக்கொண்டு "ரிஜெக்ட்! ரிஜெக்ட்!" என்றார்கள். விசில் பறந்தது. முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே நடுவர், "ஊசி காக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒருவர் காதிலும் அது விழவில்லை. ஆயுசு முழுக்கப் பேட்டர்னையும் ரிஜெக்ட்டையும் பார்த்தே பிழைத்தவர்கள் நாங்கள். கிருமியையும் அதே மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் ஒற்றைக்கல் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"ஏனுங், அந்த ஊசிய நானு போட்டுக்கலீங்."

"ஏம் புள்ள?"

"நீங்கதான சொன்னீங்க, ரிஜெக்ட்டுன்னு. இத்தன வருஷத்துல உங்க பேச்சு எனக்கு இன்னைக்குத்தான் சரின்னு பட்டுச்சுங்."

அந்தப் பக்கம் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டு நின்றது.

"அது மேடைக்குப் பேசுனது புள்ள."

"அப்பப் பொய்யிங்களா?"

"பொய்யில்ல. ஒரு பக்கம். ஒரு பக்கந்தான் அது. இன்னொரு பக்கத்த ஸ்டெல்லாப் புள்ள பேசுச்சில்ல?"

"அது நல்லாவே பேசலீங்க."

அடுத்த நிமிஷம் என் வீட்டு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. "ஏந் தம்பி, உன்ற அணி ஒழுங்காப் பேசியிருந்தா எனக்கு இந்தக் கதி வருமா? வணக்கம்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டியே! எதிராளி பலமா இருப்பான்னு நம்பித்தான நானு பேசுனேன்?" உலகத்திலேயே ஜெயித்துவிட்டு வந்து தோற்றவனைத் திட்டிய ஒரே ஆள் அவர்தான்.

அந்த லீவு நாளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கெஞ்சல் கேட்டது. அக்கா அசையவில்லை. "மேடைல ஒண்ணு, ஊட்ல ஒண்ணு பேசுனா எதைங்க நம்பறது?" வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது. மழை வந்தால் அக்காவின் நெஞ்சுக்கு ஆகாது.

கம்பெனி திறந்தது. ஒரு டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும் ஐஸ் பெட்டியோடு வந்து பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு ஈ இல்லை. முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசி போடாத ஆளுக்கு இன்னைக்கு ஷிப்ட் கெடையாது. கேட்டுக்கு வெளிய போயி நில்லுங்க!" என்றார்.

கம்பெனியே திரும்பி அண்ணனைப் பார்த்தது. இந்த இடத்தில்தான் என் அண்ணனைக் கிறுக்கு என்று சொல்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு எப்படியாவது ஊசி போட்டுவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, முதலாளி அந்தக் கதவைத் திறந்தே கொடுத்துவிட்டார். பேசாமல் இருந்தால் போதும். ஷிப்டுக்குப் பயந்து அக்கா கையை நீட்டியிருப்பார்.

புஸ்ஸ்ஸ்.

"அப்ஜெக்‌ஷனுங்க மொதலாளி."

"நீதானப்பா எல்லாத்தையும் கெடுத்தே! உன்ற ஊட்டுக்காரியே ஊசி வேண்டாங்குது, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. அதுக்காவத்தான் பேசறேன். வெரட்டிப் போட்டா ஊசி மேல சந்தேகந்தானுங்க வரும். எனக்கே வருது. வெரட்டற வரைக்கும் நானு போட மாட்டேன், யாரையும் போட விடவும் மாட்டேனுங்க. என்னையத் தூக்கோணும்னா தூக்கிக்குங்க. கேட்டத் தெறந்து வெச்சுப்போட்டு, அந்த மைக்க மட்டும் ஒருக்காக் குடுங்க."

"மைக்கு எதுக்கு?"

"என்ற மேல எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷன் இருக்குதுங்க."

முதலாளி பட்டிமன்றப் பைத்தியம் என்று சொன்னேன் அல்லவா? கேட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கட்டிங் டேபிள் மேல் ஏறினார். முதலில் இடது பக்கம் நின்றார். "எதிரணி நண்பர் ஒருத்தர் அன்னைக்கு இங்க நின்னு, பழைய பேட்டர்ன்ல வெட்டுனா ரிஜெக்ட்டுன்னு பேசுனாருங்க. நல்லாப் பேசுனாரு. ஆனா பாதிதான் பேசுனாரு." பிறகு வலது பக்கம் தாவினார். டேபிள் ஆடியது. "ரிஜெக்ட் ஆன பனியன என்னுங்க பண்றோம்? தீயி வெச்சா கொளுத்தறோம்?"

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சு உங்க உங்க நெஞ்சப் பாருங்க!"

குனிந்து பார்த்தோம். நான் போட்டிருந்தது கழுத்துக் கோணிய டீ-சர்ட். கட்டிங் மாஸ்டர் போட்டிருந்ததில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பீகார்ப் பையன் நெஞ்சில் என்ன பாஷை என்றே தெரியாத எழுத்து தலைகீழாக அச்சாகியிருந்தது. கம்பெனி முழுக்க, பையர் வேண்டாம் என்று கழித்த பனியனைத்தான் போட்டுக்கொண்டு நின்றிருந்தோம். திருப்பூரில் வேறென்ன போடுவோம்?

"கழுத்து கோணைதானுங்க. அளவு சேரலைதான். பையருக்கு ஆகாது. ஆனா அதைய மாட்டிக்கிட்டுத்தானுங்க போன மார்கழில நீங்களும் நானும் குளிருக்கு நடுங்காம வந்தோம்! கழுத்து கொஞ்சம் மாறிப்போச்சுன்னு வெறும் உடம்போடயா வந்தீங்க?"

ஒருவன் சிரித்தான். பிறகு கம்பெனியே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, "உதாரணம் முழுக்கச் சரியில்லைங்க" என்றார். "அதேதானுங்க நானும் சொல்றேன், எதுவுமே முழுக்கச் சரியில்லைங்க!" என்றார் அண்ணன்.

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. மைக்கைக் கூட்டத்துக்கு நேராகப் பிடித்திருந்தார், கண் மட்டும் செக்கிங் மேஜைப் பக்கம் இருந்தது. "போன மழைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னு சொன்னேன். எந்த நாயமும் பேச முடியல. இன்னொருக்கா அப்பிடி நின்னு சரிங்கன்னு சொல்ல என்னால ஆகாதுங்க. அவ்வளவுதான்."

ருக்குமணி அக்கா நூல் வெட்டுகிற கத்திரியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு பக்கமும் கேட்டாச்சுங். மொதல்ல கீழ எறங்குங்க, டேபிள் ஆடுது."

நேராக டாக்டரம்மாவிடம் போனார். "ஏனுங்கம்மா, எளைப்பு இருக்கறவ போட்டுக்கலாமுங்களா?"

"உங்களை மாதிரி இருக்கறவங்கதான் முதல்ல போட்டுக்கணும்."

"கிருமி மாறிப்போச்சுங்கறாங்களே?"

"கொஞ்சம் மாறியிருக்கலாம்மா. வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வந்தாலும் போன வருஷம் மாதிரி உங்களைப் படுக்கவைக்கற வாய்ப்பு குறையும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவ்வளவுதான்னு சொல்றீங்க பாருங்க, அதுக்காவப் போட்டுக்கறனுங்" என்று கையை நீட்டினார். பிறகு திரும்பி, "உங்க பேச்சக் கேட்டு இல்லீங்" என்றார் அண்ணனைப் பார்த்து.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது.

அக்காவுக்குப் பின்னால் ஸ்டெல்லா, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் வரிசை கேட்வரைக்கும் போனது. வராதவர்களும் இருந்தார்கள். அவர்களையும் மெஷினில் உட்காரவிட வேண்டும் என்று அண்ணன்தான் முதலாளியிடம் நின்று பேசினார். தன் முறை வந்தபோது நர்ஸ், "இடது கையைக் காட்டுங்க" என்றார். "ஏனுங்க, சோத்துக்கைல போட்டா ஆகாதுங்களா?" ஆகும் என்று சலித்துக்கொண்டு நர்ஸ் வலது கையிலேயே போட்டுவிட்டார். அந்தக் கை வலியில் இரண்டு நாள் அயர்ன் பெட்டியைத் தூக்க முடியவில்லை. அதற்கு யார் மேலும் அவரால் அப்ஜெக்‌ஷன் சொல்ல முடியவில்லை.

அந்த மழைக்கு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இருமினார், கஷாயம் குடித்தார், எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். ஊசியால்தான் தப்பித்தாரா, வந்தது வெறும் சளிக்காய்ச்சலா என்று பேக்கரியில் மாதக்கணக்கில் விவாதம் ஓடியது. அண்ணன் ஒரு நாள் அந்தப் பக்கம், ஒரு நாள் இந்தப் பக்கம். "மூச்சு வருதில்லீங்? டீயக் குடிங்க" என்பார் அக்கா.

பிறகு கம்பெனி கைமாறியது. நான் அனுப்பர்பாளையத்துக்குக் குடிவந்தேன். அவர்கள் பல்லடம் தாண்டி எங்கேயோ போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று சொன்னவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

நாலு பேர் முன்னால் இன்றைக்கும் எனக்குப் பேச வராது. ஆனால் பேக்கரியில் எல்லோரும் ஒரே பக்கம் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிற மாதிரியே எனக்குத் தோன்றும். டீ கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பிடி இல்லீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இதை அவர் படித்தால் முதல் வரியிலேயே விரலைத் தூக்குவார். பஸ் நாலு இடத்தில் இல்லை, ஐந்து இடத்தில் நின்றது என்பார். அக்கா, இல்லை, மூன்று என்பார். எல்லாமே தப்பு என்று சொல்வதற்காவது இரண்டு பேரும் ஒருநாள் வரட்டும். டீக்கு நான் சொல்லி வைக்கிறேன்.